வரித்தலை வாத்துகள் வடக்கே திரும்புவதைப் பின்தொடர்வது எப்படி: மாசி முதல் சித்திரை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

குளிர்காலத்தில் தமிழ்நாட்டுக் குளங்களுக்கு வரும் காட்டு வாத்துகளில் உருவத்தில் பெரியது வரித்தலை வாத்து. பட்டைத்தலை வாத்து என்றும் சொல்வார்கள். மங்கோலியா, திபெத் பீடபூமி, கிர்கிஸ்தான் பக்கமெல்லாம் கூடு கட்டும் பறவை இது. நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளம் வரை இறங்கி வந்து, மார்ச், ஏப்ரல் வாக்கில் திரும்பக் கிளம்பிவிடும்.

வருகையைக் குறிப்பது சுலபம். முதல் பறவையைப் பார்த்த அன்றே தேதி கைக்கு வந்துவிடுகிறது. புறப்பாடு அப்படியில்லை. இன்று பார்த்ததுதான் கடைசிப் பறவை என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. அது போன பிறகும் தொடர்ந்து குளத்துக்குப் போய், "இல்லை" என்று எழுதி வந்தால்தான் அந்தக் கடைசித் தேதிக்கு மதிப்பு. புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள். கீழே உள்ள படிகளை இந்த வரிசையில் வைத்ததற்கும் அதுவே காரணம்.

1. மாசி பிறப்பதற்கு முன் முடிக்க வேண்டியவை

முதலில் பைனாகுலர். 8×42 அல்லது 10×42 போதும் (முதல் எண் பெருக்கம், அடுத்தது முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில்). அதைவிடப் பெருக்கம் கூடியதைக் கையில் பிடித்தால் காட்சி ஆடும். ஆடுகிற காட்சியில் நூறு பறவைகளை எண்ண முடியாது.

முக்காலியில் நிற்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப் (தூரத்துப் பறவையைப் பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கி) குழுவுக்கு ஒன்று இருந்தால் நல்லது. எண்ணுவதற்குப் பைனாகுலரே போதும். ஆய்வாளர்கள் சில பறவைகளுக்குப் பூட்டிவிடும் கழுத்து வளையத்தில் உள்ள எழுத்தைப் படிக்கவும் வயிற்றின் வடிவத்தைப் பார்க்கவும்தான் ஸ்கோப் தேவைப்படும்.

கெட்டி அட்டை போட்ட நோட்டு, பென்சில். கைபேசியில் மட்டும் குறித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மார்ச் வெயிலில் திரையே தெரியாது.

பார்த்த பறவைகளைப் பட்டியலாகப் பதிவு செய்ய உதவும் இபேர்ட் (eBird) செயலியைக் கைபேசியில் இறக்கி, வீட்டு வாசலில் நின்று காகம், மைனா, மாடப்புறா என்று சில பட்டியல்களைப் போட்டுப் பழகிவிடுங்கள். வாத்துக் கூட்டம் எழும்பும் நேரத்தில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தேடிக்கொண்டிருந்தால் எண்ணிக்கை போய்விடும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், ஜனவரி மாதக் கணக்கு. உச்சத்தில் எத்தனை பறவைகள் இருந்தன என்று தெரியாமல், மார்ச்சில் எத்தனை கிளம்பின என்று சொல்ல முடியாது. ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. நெல்லை, தூத்துக்குடி வட்டாரத்தில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பும் அதே மாதத்தில்தான். இவற்றில் ஏதாவது ஒன்றில் சேர்ந்து போய்ப் பாருங்கள். குளங்களும் பழகும், கூட எண்ண ஆட்களும் கிடைப்பார்கள்.

2. பறவையை உறுதி செய்துகொள்ளுங்கள்

வெளிறிய சாம்பல் உடல், வெள்ளைத் தலை. பின்மண்டையில் குறுக்காக இரண்டு கறுப்புப் பட்டைகள். அலகும் காலும் ஆரஞ்சு கலந்த மஞ்சள், அலகு நுனி கறுப்பு. கழுத்தின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு இறங்கும். எடை சுமார் 2 முதல் 3 கிலோ.

இளம் பறவைகளுக்கு முதலில் இந்தப் பட்டைகள் இருக்காது. உச்சந்தலையும் பிடரியும் பழுப்பு பூசியது மாதிரி இருக்கும். குளிர்காலம் முதிர முதிர அவற்றுக்கும் பட்டை தெளிந்துவிடும். கூட்டத்தில் இளம் பறவைகள் எத்தனை என்று பார்க்க விரும்பினால் டிசம்பர், ஜனவரியிலேயே பார்த்துவிடுங்கள். மார்ச்சில் பிரித்துச் சொல்வது கடினம்.

பறக்கும்போது பெரிய சிறகை நிதானமாக அடிக்கும். சிறகின் பின் ஓரம் கறுத்துத் தெரியும். "ஆங்க், ஆங்க்" என்று மூக்கால் பேசுவது போலக் கத்திக்கொண்டே போகும். வெளிச்சம் மங்கிய பிறகு அந்தக் குரல்தான் கை கொடுக்கும். பதிவு செய்த குரலை முன்கூட்டியே பலமுறை கேட்டு வையுங்கள்.

புதியவர்கள் எதையெல்லாம் வரித்தலை வாத்தாக எண்ணிவிடுகிறார்கள் தெரியுமா? புள்ளிமூக்கு வாத்து, ஊசிவால் வாத்து, தூரத்தில் கழுத்தைச் சுருக்கி நிற்கும் சாம்பல் நாரை. அதைவிட அதிகம், அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்ப்பவர்கள் ஓட்டி வரும் நாட்டு வாத்துகள். அரிதாளில் ஆயிரக்கணக்கில் ஒரே திரளாக நகரும் அந்தக் கூட்டம் தூரத்தில் நிஜமாகவே ஏமாற்றும். பக்கத்தில் கம்புடன் ஒருவர் நிற்கிறாரா என்று முதலில் பாருங்கள். காட்டு வாத்து எந்த மனிதனுக்கும் அத்தனை அருகில் மேயாது.

3. ஒரு குளம் போதாது

கூந்தன்குளத்தில் நேற்று முந்நூறு, இன்று ஒன்றுமில்லை. உடனே "வலசை கிளம்பிவிட்டது" என்று செய்தி போடத் தோன்றும். பொறுங்கள். குளத்தில் நீர் வற்றியிருக்கலாம். பக்கத்து ஊரில் பிசான நெல் அறுவடை முடிந்து மேய்ச்சல் கிடைத்திருக்கலாம். பறவைகள் பத்து கிலோமீட்டர் தள்ளி வேறொரு குளத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஆகவே முதன்மைக் குளம் ஒன்றைச் சுற்றி நான்கைந்து குளங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு சுற்றாக வைத்துக்கொள்ளுங்கள். கூந்தன்குளத்தை மையமாக எடுத்தால் காடன்குளம், நாங்குநேரி வட்டாரத்துப் பெரிய குளங்கள், விஜயநாராயணம் பெரியகுளம் என்று இருசக்கர வண்டியில் ஒரு காலைக்குள் முடிகிற மாதிரி வழியை வகுக்கலாம். ஒரே காலையில் முடிக்க வேண்டும் என்பது முக்கியம். இன்று ஒரு குளம், நாளை இன்னொன்று என்று பார்த்தால் இடம் மாறிய பறவைகளை இரண்டு முறை எண்ணிவிடுவீர்கள், இல்லை மொத்தமாக விட்டுவிடுவீர்கள்.

ஒவ்வொரு குளத்திலும் நிற்கும் இடத்தை முன்பே முடிவு செய்யுங்கள். மதகுப் பக்கம், கலிங்குப் (உபரி நீர் வழியும் இடம்) பக்கம், உள்வாயைப் பார்த்த கரை என்று எது வசதியோ அது. பிறகு சீசன் முடியும் வரை அந்த இடத்தை மாற்றாதீர்கள். இடம் மாறினால் கண்ணுக்குத் தெரியும் நீர்ப்பரப்பும் மாறும். எண்ணிக்கை குறைந்தது பறவையாலா, நீங்கள் நின்ற இடத்தாலா என்று பிறகு பிரிக்கவே முடியாது.

கரையில் ஆடு மேய்ப்பவர், மடை பார்ப்பவர், காப்பக வாட்ச்சர் ஆகியோரிடம் முதல் வாரத்திலேயே பேசிப் பழகுங்கள். "அண்ணாச்சி, ராத்திரி வாத்துச் சத்தம் எந்தப் பக்கம் போச்சு?" என்று கேட்டால், எந்தச் செயலியும் தராத தகவல் கிடைக்கும். கேட்டதைத் தனிப் பக்கத்தில், "கேட்டது" என்று தலைப்பிட்டு எழுதுங்கள். கண்ணால் பார்த்ததோடு கலக்க வேண்டாம்.

4. காலையில் போவதன் காரணம்

இந்த வாத்துகள் பகலில் நீர்ப்பரப்பிலோ திட்டிலோ ஓய்ந்து கிடக்கும். அந்தி சாய்ந்ததும் வயலுக்கு மேயப் போய், விடியும்போது திரும்பும். எனவே சூரியன் உதித்து அரை மணி நேரம் கழித்து எண்ண ஆரம்பித்தால், மேய்ச்சலுக்குப் போனவை எல்லாம் வந்து சேர்ந்திருக்கும்.

ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் கானல் எழும்பி, ஸ்கோப்பில் பறவை நெளிய ஆரம்பிக்கும். பட்டையும் தெரியாது, வளையமும் தெரியாது.

காலையில் கிழக்குக் கரையில் நில்லுங்கள். வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அந்தியில் பறந்து போகும் வரிசையை எண்ணுவதற்கும் கிழக்குக் கரையே சரி. மேற்கு வானம் கடைசி வரை வெளுத்திருப்பதால் பறவைகள் கறுப்பாகத் துலங்கும்.

வாரத்துக்கு இரண்டு நாள் போக முடிந்தால் போதும், ஆனால் அதே கிழமைகளில், அதே நேரத்தில். ஒரு வாரம் ஐந்து நாள் போய்விட்டு அடுத்த இரண்டு வாரம் போகாமல் இருப்பதை விட இது எவ்வளவோ மேல். பங்குனி பாதிக்கு மேல் முடிந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்குங்கள். எண்ணிக்கை சரியும் காலம் அது.

5. எண்ணுவது

கூட்டத்தை முதலில் கண்ணால் ஒரு முறை முழுசாகப் பாருங்கள், எண்ணாமல். எங்கே அடர்த்தி, எங்கே சிதறல் என்று மனதில் பதியட்டும்.

பிறகு இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் வரை. ஐம்பதுக்குள் இருந்தால் ஒவ்வொன்றாக. அதற்கு மேல் போனால் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்து, அதே அளவில் பத்து பத்தாக நகருங்கள். கூட்டத்தின் ஓரத்தில் பறவைகள் தள்ளித் தள்ளி நிற்கும், நடுவில் நெருக்கமாக நிற்கும். ஓரத்துப் பத்தை அளவாக வைத்து நடுவை எண்ணினால் கணக்கு பாதியாகக் குறையும். நடுவுக்கு வந்ததும் புதிதாக ஒரு பத்தை எண்ணி, அதை அளவாகக் கொள்ளுங்கள்.

மூன்று முறை எண்ணுங்கள். மூன்றையும் எழுதுங்கள். நடு எண்ணைப் பட்டியலில் போடுங்கள். 210, 240, 225 என்று வந்தால் 225. மூன்றுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால் கூட்டம் நகர்ந்திருக்கிறது, அல்லது நீங்கள் அவசரப்பட்டிருக்கிறீர்கள். மறுபடி ஆரம்பியுங்கள்.

இருவர் போனால் ஆளுக்கொரு முறை தனித்தனியே எண்ணி, முடித்த பிறகுதான் சொல்லிக்கொள்ள வேண்டும். முதலில் ஒருவர் "முந்நூறு இருக்கும்" என்று சொல்லிவிட்டால் அடுத்தவருக்கும் முந்நூறுதான் வரும்.

இபேர்டில் எண்ணுக்குப் பதில் எக்ஸ் குறியைப் போடும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. "பறவை இருந்தது, எத்தனை என்று எண்ணவில்லை" என்று அதற்கு அர்த்தம். புறப்பாட்டைப் பின்தொடரும் நமக்கு அது எதற்கும் உதவாது. சுமாரான எண்ணாக இருந்தாலும் எண்ணைப் போடுங்கள்.

6. கிளம்பப் போகிறது என்பதை எதை வைத்து அறிவது

முதல் அறிகுறி வயிறு. நீண்ட பயணத்துக்கு முன் கொழுப்பு சேர்க்கும்போது, கால்களுக்கும் வாலுக்கும் இடைப்பட்ட அடிவயிறு பருத்துத் தொங்கும். ஐரோப்பாவில் காட்டு வாத்துகளைக் கவனிப்பவர்கள் இதைப் பக்கவாட்டில் பார்த்து மதிப்பெண் போடுவது வழக்கம். அதை எளிதாக்கி நாமும் செய்யலாம்: உள்வாங்கியது 1, நேர்கோடு 2, லேசாகப் புடைத்தது 3, நன்றாகத் தொங்குவது 4. கரையில் பக்கவாட்டில் நடந்து போகும் பறவைகளுக்கு மட்டும் போடுங்கள். நீந்தும் பறவைக்கும் உட்கார்ந்த பறவைக்கும் போட வேண்டாம், வடிவம் மாறித் தெரியும். ஒரு முறைக்கு இருபது பறவைகள் போதும். மாசி முழுக்க 2-ஐ ஒட்டி நின்ற சராசரி பங்குனியில் 3-ஐத் தாண்டினால், இனி அந்தியிலும் குளத்தில் இருக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

இரண்டாவது, அமைதியின்மை. பகலிலும் கத்தல் கூடும். தலையைத் திடீர் திடீரென்று உதறும், சிறகை விரித்து அடிக்கும், சிறு குழுவாக எழும்பி ஒரு வட்டம் போட்டு மறுபடி இறங்கும்.

இங்கே பெரிய குழப்பம் ஒன்று உண்டு. ஒவ்வொரு அந்தியிலும் வயலுக்குப் போகும் பறவைகளைப் பார்த்துவிட்டு "வலசை கிளம்புவதைப் பார்த்தேன்" என்று எழுதுபவர்கள் நிறைய. மேய்ச்சலுக்குப் போவது தாழ்வாக, வயல் இருக்கும் திசையில், வழக்கமான வழியில் போகும். வலசைக்கு எழும்பும் கூட்டம் வட்டமிட்டு உயரம் ஏற்றி, வரிசை கட்டி, வயலைத் தாண்டிப் போகும். ஆனாலும் இதைப் பார்த்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். அந்தியில் திசை, நேரம், குழுவில் எத்தனை என்று எழுதிக்கொண்டு, மறுநாள் காலையில் சுற்றுக் குளங்கள் எல்லாவற்றையும் எண்ணுங்கள். காலைக் கணக்கு குறைந்தால்தான் மாலையில் பார்த்தது புறப்பாடு.

7. கழுத்து வளையம் கண்ணில் பட்டால்

சில பறவைகளின் கழுத்தில் நிறமுள்ள பிளாஸ்டிக் வளையமும் அதில் பெரிய எழுத்தும் எண்ணும் இருக்கும். எந்த நாட்டில், எந்தத் திட்டத்தில் பூட்டியது என்று கண்டுபிடிக்க வளையத்தின் நிறம், எழுத்தின் நிறம், குறியீடு மூன்றும் வேண்டும். ஒன்றை விட்டாலும் தேடுவது கடினமாகிவிடும்.

குறியீட்டை இரண்டு முறை, பறவை திரும்பிய வேறு வேறு பக்கங்களிலிருந்து படியுங்கள். 6-ம் 9-ம், 1-ம் ஆங்கில I-யும், பூஜ்யமும் ஆங்கில O-வும் மாறிப் போவது சகஜம். தெளிவில்லாத எழுத்தை ஊகித்து நிரப்பாமல், அந்த இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். பாதிக் குறியீடும் சில சமயம் பயன்படும், ஆனால் தவறான குறியீடு இன்னொரு பறவையின் வரலாற்றையே கெடுக்கும்.

படம் எடுங்கள், மங்கலாக இருந்தாலும். காலில் உலோக வளையம் உண்டா, இடதா வலதா என்றும் எழுதுங்கள். முதுகில் சிறு பெட்டி மாதிரி, இருப்பிடத்தை அனுப்பும் கருவி இருந்தால் அதையும்.

தகவலை மும்பையில் உள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். இந்தியாவில் பறவைகளுக்கு வளையம் பூட்டும் பணியை நெடுங்காலமாகச் செய்து வருவது அந்த அமைப்புதான். கோடியக்கரையிலும் அவர்கள் பல்லாண்டுகளாக இதைச் செய்கிறார்கள். இபேர்ட் பட்டியலின் குறிப்பிலும் குறியீட்டைச் சேருங்கள். பதில் வர மாதங்கள் ஆகலாம், பொறுமையாக இருங்கள்.

வளையத்தைப் படிக்க வேண்டும் என்று கூட்டத்தை நெருங்காதீர்கள். மேய்கிற வாத்துகளில் பாதி தலையை நிமிர்த்திவிட்டால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள், பின்னால் போக வேண்டும். இந்த நேரத்தில் ஒவ்வொரு வாய் மேய்ச்சலும் இமயம் தாண்டுவதற்கான கொழுப்பு. ஒரு படத்துக்காக அதைக் கெடுக்க நமக்கு உரிமையில்லை.

8. நீர், வயல், காற்று: மூன்று சிறு குறிப்புகள்

ஒவ்வொரு முறையும் பட்டியலுக்குக் கீழே இந்த மூன்றையும் ஒரு வரியில் எழுதுங்கள்.

நீர்மட்டத்துக்கு, மதகுப் படிக்கட்டில் எத்தனை படிகள் வெளியே தெரிகின்றன என்று எண்ணினால் போதும். வயலுக்கு, சுற்றிலும் நெல் நிற்கிறதா, அறுவடை ஆகிவிட்டதா, உழுதாகிவிட்டதா. உழுத வயலில் சிந்திய நெல் கிடைக்காது, பறவை இடம் மாறும்.

காற்றுக்கு, விண்டி போன்ற வானிலைச் செயலியில் 850 ஹெக்டோபாஸ்கல் அடுக்கைப் பாருங்கள். அது சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துக் காற்று. தரைக்காற்று மரத்துக்கும் கரைக்கும் ஏற்ப மாறும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். மாலை ஆறு மணி நிலவரத்தை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

எண்ணிக்கை குறைந்த நாளுக்கும் தெற்கத்திக் காற்றுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று ஒரு வருஷக் கணக்கை வைத்து முடிவு சொல்ல வேண்டாம். குறிப்பு மட்டும் சேரட்டும்.

9. பறவை போன பிறகும் போக வேண்டும்

இந்தப் படியை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். வாத்து இல்லாத குளத்துக்கு எதற்குப் போக வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஏப்ரல் 2-ம் தேதி பார்த்தீர்கள், அதற்குப் பிறகு போகவேயில்லை என்றால், உங்கள் கணக்கு சொல்வது வாத்து போன தேதியை அல்ல, நீங்கள் நிறுத்திய தேதியை.

கடைசியாகப் பார்த்த நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று வாரம் அதே சுற்று, அதே நேரம். ஒவ்வொரு முறையும் கண்ணில் பட்ட எல்லாப் பறவைகளையும் போட்டு, "முழுப் பட்டியலா?" என்று இபேர்ட் கேட்கும் இடத்தில் ஆம் என்று சொல்லுங்கள். வாத்துக்கு 0 என்று தட்டத் தேவையில்லை. முழுப் பட்டியலில் அது இல்லாததே "பார்க்கவில்லை" என்ற தகவலாகிவிடும். வாத்தை மட்டும் தேடிப் போய், வாத்து இல்லை என்று பட்டியலே போடாமல் திரும்பினால் அந்த நாள் வீண். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள் மூக்கன் எல்லாம் அங்கேதானே இருக்கின்றன, எழுதுங்கள்.

சீசன் முடிவில் ஒரு தேதிக்குப் பதில் மூன்று தேதிகளை எடுங்கள். ஜனவரி உச்சத்தில் பாதிக்குக் கீழே எண்ணிக்கை இறங்கிய நாள், பத்துக்குக் குறையாத கூட்டத்தைக் கடைசியாகப் பார்த்த நாள், கடைசி ஒற்றைப் பறவையைப் பார்த்த நாள். மூன்றில் முதலாவதுதான் நம்பகமானது. சிறகில் அடிபட்ட ஒரு பறவை மே மாதம் வரை குளத்தில் தங்கிவிடக் கூடும். அதை வைத்து "இந்த வருஷம் வலசை ஒரு மாதம் தாமதம்" என்று சொன்னால் முழுத் தவறு.

10. வடக்கே பின்தொடர்வது

இனி மேசை வேலை. இபேர்டில் வரித்தலை வாத்தின் வரைபடத்தைத் திறந்து, இந்த வருஷம் மட்டும், மார்ச் முதல் மே வரை என்று வடிகட்டுங்கள். கர்நாடகத்தில் மைசூருக்கு அருகே ஹதினாரு, கதக் மாவட்டத்து மாகடி ஏரி, ஒடிசாவின் சிலிகா, இராஜஸ்தானின் பரத்பூர், இமாசலத்தின் பாங் அணை என்று சில இடங்களை எடுத்துக்கொண்டு, வாரா வாரம் எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்று அதே நோட்டில் எழுதி வாருங்கள். லடாக்கில் சோ மொரிரி, சோ கர் ஏரிகளில் இவை கூடு கட்டுகின்றன. மே மாதத்தில் அங்கிருந்தும் பதிவுகள் வரும்.

ஒரு எச்சரிக்கை. கூந்தன்குளத்தில் குறைந்த அதே வாரம் மாகடியில் கூடினால், இங்கிருந்து போனவைதான் அங்கே இறங்கின என்று எழுதாதீர்கள். வளையமோ கருவியோ இல்லாமல் இரண்டும் ஒரே பறவைகள் என்று சொல்ல வழியில்லை. "அதே வாரத்தில் அங்கே கூடியது" என்பதோடு நிறுத்துங்கள்.

வரைபடத்தில் வெற்றிடமாகத் தெரியும் இடங்களிலும் கவனம் தேவை. திபெத்தில் புள்ளிகள் குறைவு என்றால் அங்கே பட்டியல் போடுபவர்கள் குறைவு என்று அர்த்தம், வாத்து குறைவு என்று அல்ல.

கருவி பூட்டிய பறவைகளின் பாதையை மூவ்பேங்க் தளத்தில் பார்க்கலாம். ஆன்சர் இண்டிகஸ் (Anser indicus) என்ற அறிவியல் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுங்கள். ஆய்வாளர்கள் பொதுவில் திறந்து வைத்த பாதைகள் மட்டும் தெரியும். புள்ளிகளுக்கு நடுவே சில நாள் இடைவெளி விழுந்தால் பறவை இறந்துவிட்டது என்று பதற வேண்டாம். கைபேசிக் கோபுரம் வழியாகத் தகவல் அனுப்பும் கருவிகள், கோபுரம் இல்லாத மலைப்பகுதியில் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும்.

2011-ல் வெளியான ஆய்வு ஒன்று, இந்தியாவில் கடல்மட்டத்தை ஒட்டிக் குளிர்காலத்தைக் கழித்த வரித்தலை வாத்துகள் இமயத்தை ஒரே நாளில் தாண்டியதைக் கருவிகள் மூலம் காட்டியது. 7, 8 மணி நேரத்தில் 4,000 முதல் 6,000 மீட்டர் வரை ஏறின. மலைச்சரிவில் மேலேறி வீசும் பகல் காற்றை எதிர்பார்க்காமல், பிற்பகலின் பலத்த காற்றைத் தவிர்த்து, காற்று அடங்கிய இரவிலும் ஏறின. பிந்தைய அளவீடுகளில் பதிவான உச்ச உயரம் 7,290 மீட்டர். எவரெஸ்ட்டின் உச்சிக்கு மேலே பறந்து போகிறது என்று படத்தோடு வரும் பகிர்வுகளை அப்படியே அனுப்பாதீர்கள். நிலத்தின் ஏற்ற இறக்கத்தை ஒட்டியே ஏறி இறங்கிப் போகும் என்று 2015-ல் வந்த ஆய்வு காட்டியது. உண்மையில் நடப்பதே இவ்வளவு பெரிதாக இருக்கும்போது கூட்டிச் சொல்ல என்ன தேவை?

11. தொடக் கூடாதவை

இறந்த அல்லது கழுத்து திருகித் தள்ளாடும் வாத்தைக் கண்டால் கையால் தொடாதீர்கள். 2005-ல் சீனாவின் சிங்காய் ஏரியிலும், 2020 முடிந்து 2021 பிறந்த நாட்களில் பாங் அணையிலும் பறவைக் காய்ச்சலில் பெரும் எண்ணிக்கையில் செத்தவை இந்த வாத்துகளே. இடத்தைக் குறித்து, தூரத்திலிருந்து படம் எடுத்து, வனத்துறைக்கும் கால்நடைத் துறைக்கும் உடனே சொல்லுங்கள். வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் குளத்துக்குப் போட்டுப் போன செருப்போடு கோழிக் கூண்டுப் பக்கம் போகக் கூடாது.

டிரோன் வேண்டாம். கூட்டம் முழுக்கக் கலைந்துவிடும், காப்பகத்தில் அனுமதியும் கிடையாது. வளையமோ கருவியோ பூட்ட வேண்டும் என்ற ஆசையில் வலை விரிப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அனுமதி பெற்று, பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வேலை அது.

12. மே மாதத்தில் தொகுப்பது

நோட்டிலிருந்து ஒரே பக்கத்துக்கு மாற்றுங்கள்: தேதி, சுற்றில் உள்ள ஒவ்வொரு குளத்தின் எண்ணிக்கை, மொத்தம், வயிற்று மதிப்பெண் சராசரி, நீர், வயல், காற்று. கீழே அந்த மூன்று தேதிகள். போக முடியாத நாட்களைக் காலியாக விடுங்கள். இரு பக்கத்து எண்ணையும் பார்த்து நடுவில் ஒன்றை இட்டு நிரப்ப வேண்டாம். காலி என்பது "போகவில்லை", பூஜ்யம் என்பது "போனேன், இல்லை". இரண்டும் கலந்தால் தாள் முழுக்கக் கெட்டுவிடும்.

இபேர்டில் உங்கள் பட்டியல்களைத் திறந்து இடம் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகு பதிவேற்றியதில் குளத்தின் பட்டியல் வீட்டு முகவரியில் போய் உட்கார்ந்திருப்பதைப் பலரிடம் பார்க்கிறேன். காட்டு வாத்து உங்கள் தெருவில் இறங்கியதாகப் பதிவாகிவிடும்.

கடைசியாக, ஒவ்வொரு குளத்திலும் நின்ற இடத்தை நோட்டின் முதல் பக்கத்தில் கையாலேயே படம் வரைந்து, மதகு, கலிங்கு, பனை மரம் என்று அடையாளம் எழுதி வையுங்கள். நீங்கள் வெளியூரில் இருக்க நேரும் வருஷத்தில் வேறொருவர் அதே இடத்தில் நின்று எண்ண அது போதும்.